மலாக்காவில் வாங்கிய சத்தியம்

மலாக்காவைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். கோட்டை, குன்று, சிவப்புக் கட்டடம் என்று அடுக்குவார்கள். நானும் அதையெல்லாம் பார்த்தவள்தான். சிறுமியாக இருந்தபோது ஒரே ஒரு நாள் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என்னை அம்மாவிடமிருந்து பிரித்து அத்தையிடம் கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் சொல்லவில்லை.

ரப்பர் விலை அடியோடு விழுந்துபோன வருஷங்கள் அவை. ஜோகூரின் வடக்கு ஓரத்தில், தங்காக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா பால்வெட்டு வேலை செய்தார். அம்மாவும் வெட்டப் போவாள். முதலில் கூலியைக் குறைத்தார்கள். அப்புறம் வேலை நாளைக் குறைத்தார்கள். கடைசியில், கப்பல் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். விரும்புகிறவர்கள் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொன்ன பேச்சு. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயரும் வந்தது. அப்பா தலையை ஆட்டிவிட்டு வழக்கம்போல வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குப் போனார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கூலாயில் இருந்தாள். மாமாவுக்கு அங்கே ரயில் பாதையில் வேலை. ஆட்குறைப்பில் எப்படியோ தப்பிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையை எங்களிடம் விட்டுப் போங்கள் என்று அத்தை கேட்டாள். தம்பி பால்குடி. அதோடு ஆண்பிள்ளை, அவனை யார் விடுவார்கள்? ஆகவே நான்தான். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் வைத்துப் பிரித்தால் நான் லயமே அதிர அழுவேன் என்று எல்லோருக்கும் பயம். அதற்கு வழி கண்டுபிடித்தவர் மாமா. "எல்லாரும் ஒரு நாள் மலாக்கா போய்ப் பார்ப்போம். இத்தன வருஷம் இந்த நாட்டுல இருந்து என்னத்தப் பாத்தாங்க, ரப்பர் மரத்தத் தவிர? சுத்திப் பாத்துட்டு, சாயங்காலம் அவங்க ஒரு பஸ்ஸுல ஏறட்டும், நாம ஒரு பஸ்ஸுல ஏறுவோம். புள்ள வேடிக்கையில மறந்துடும்" என்றாராம். மாமா நல்லவர்தான். ஆனால் பிள்ளை பெறாதவர் போட்ட கணக்கு அது.

முதல் நாள் ராத்திரி அம்மா என் பாவாடை சட்டைகளையெல்லாம் ஒரு துணியில் வைத்து மூட்டை கட்டினாள். எதுக்கும்மா இத்தனை என்று கேட்டேன். கடலில் நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டாமா என்றாள். நனைவதற்கு அத்தனை சட்டையா என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் மூட்டை, தம்பிக்கு இல்லை என்று கர்வமாக இருந்தது.

விடிகாலையில் தங்காக் போய் பஸ் ஏறினோம். மாசி பிறக்கப்போகிற சமயம், ரப்பர் இலை உதிர்கிற காலம். பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் பாதி மொட்டையாக நின்றன. மிச்சம் இருந்த இலைகள் செம்பு நிறத்திலும் மஞ்சளிலும் இருந்தன. பஸ் போகிற காற்றுக்குக் கொத்தாக உதிர்ந்தன. மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பி, "வெள்ளக்காரன் நாட்டுல இந்த எல கொட்டறதப் பாக்கறதுக்குன்னே ரயிலேறிப் போவாங்களாம்மா, குடும்பத்தோட" என்றார்.

"இங்க வந்து கூட்டச் சொல்லுங்கண்ணே" என்றாள் அம்மா.

அப்பாகூடச் சிரித்துவிட்டார். அன்று அம்மா சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். அதன்பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கை தம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை என் முழங்காலின் மேல் இருந்தது. மலாக்கா வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. எனக்குப் புழுக்கமாக இருந்தது, தள்ளிவிட்டுப் பார்த்தேன். மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

மலாக்காவில் இறங்கியதும் கோயிலுக்குத்தான் முதலில் போகவேண்டும் என்றாள் அத்தை. வெயில் ஏறுவதற்குள் குன்று ஏறிவிட வேண்டும், கோயிலுக்குச் சாயங்காலம் நடை திறந்ததும் போகலாம் என்றார் மாமா. அவர்தான் வழிகாட்டி. அதற்கு முன்னால் எத்தனை முறை மலாக்கா வந்திருந்தாரோ தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாத சமாசாரம் அந்த ஊரில் இல்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் நிறுத்திப் படகுகளைக் காட்டினார். சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, "மொதல்ல இங்க மலாய் ராஜா. அவர அடிச்சு வெரட்டிட்டுப் போர்த்துகீசுப் பறங்கி வந்தான். பறங்கிய அடிச்சுட்டு டச்சு ஒலாந்தாக்காரன் வந்தான், இது அவன் கட்டுனது. அவன்கிட்டேருந்து இங்கிலீஷ்காரன் வாங்கிக்கிட்டான்" என்று ஒப்பித்தார்.

"எல்லாரும் வந்து வந்து போயிருக்காங்க" என்றாள் அம்மா.

"நாமளும்தான்" என்றார் அப்பா. அத்தை அவரை முறைத்தாள். எதற்கு முறைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

கோட்டை என்று சொன்னதற்கு ஒரு வாசல்தான் மிஞ்சியிருந்தது. அதன் நிழலில் ஒரு சீனக் கிழவர் விசிறிக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு ஏமாற்றம். கோட்டை என்றால் யானை, சேனை எல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள். குன்றின் மேல் கூரை இல்லாத பெரிய கோயில், கிறிஸ்து வேதக்காரர்கள் கோயில். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் கல்லறைப் பலகைகள். எழுத்துகள் ஆழமாக வெட்டியிருந்தன. அம்மா ஒரு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று எழுத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது.

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

"செத்தவன் பேரு, ஊரு எல்லாம் இருக்கும்மா."

"இங்க யாராச்சும் இதப் படிப்பாங்களா?"

"யாரு படிக்கறது? அந்தப் பாஷையெல்லாம் போச்சு" என்றார் மாமா, அதற்கும் தானே சாட்சி மாதிரி.

"யாரு பெத்த புள்ளையோ" என்றாள் அம்மா. நான் அங்கிருந்து கடல் தெரிகிறதா என்று பார்க்க ஓடிவிட்டேன். கடல் தெரிந்தது, நிறைய தெரிந்தது. அப்பா என் பின்னாலேயே வந்து என்னைத் தூக்கிக் காட்டினார். தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன், கால்கள் அவர் முட்டிவரை தொங்கின. இருந்தும் இறக்கிவிடாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

மத்தியானம் கடலோரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் கருவாடு இல்லை. அத்தை எனக்கு ஊட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் ஊட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. அம்மா தன் சோற்றைத் தொடாமல் அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, அவளுக்குப் பெரிய உருண்டையாக் கொடுத்தா தொண்டையில நிக்கும்" என்றாள். அத்தை உடனே உருண்டையைச் சின்னதாக்கினாள். சாப்பிட்டதும் அம்மா என் தலையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். காலையில் பின்னிய சடை குலையவே இல்லை. அவிழ்த்தாள், எண்ணெய் இல்லாமலே வாரினாள், பின்னினாள்.

நடை திறக்கிற நேரத்துக்குக் கோயிலுக்குப் போனோம். பிள்ளையார் கோயில். சீனர் கடைகள் இருந்த ஒரு குறுகலான தெருவில் இருந்தது. ரொம்பப் பழைய கோயில், கோட்டை கொத்தளம் இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது என்றார் மாமா. வாசலில் நாங்கள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பூத்தட்டோடு எங்களைத் தாண்டி உள்ளே போனாள். கெபாயா சட்டை, இடுப்பில் பூப்போட்ட சாரோங் கைலி, தலையில் கொண்டை. பார்க்க மலாய்க்காரி மாதிரி இருந்தாள்.

அம்மாவுக்குப் பதறிவிட்டது. தெரியாமல் நுழைகிறாள், உள்ளே ஏதாவது தகராறு ஆகிவிடும் என்று நினைத்தாள். தம்பியை அத்தையிடம் திணித்துவிட்டு ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். தோட்டத்துக் கடையில் பேசுகிற மலாயில், இது தமிழர் கோயில், நீங்கள் வரக்கூடாது என்று நயமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் திரும்பினாள். நெற்றியில் விபூதி, நடுவில் குங்குமம். முகம் எங்கள் லயத்துப் பெண்கள் முகம்தான், மூக்குத்திகூட அதே பக்கம். அவள் கோபப்படவில்லை. சிரித்துவிட்டு மலாயில், இது எங்கள் கோயில் என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, மன்னிச்சுக்கங்கம்மா. நீங்க தமிழாளுங்களா? எந்த ஊரு நீங்க?" என்று தமிழில் கடகடவென்று கேட்டாள். அந்தப் பெண் கைகளை விரித்துக் காட்டினாள். தமிழ் தெரியாதாம்.

மாமாவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. "இவங்க மலாக்காச் செட்டிங்கம்மா. பறங்கி வர்றதுக்கு முன்னாலயே யாவாரத்துக்கு வந்த நம்ம ஆளுங்க. இங்கயே கல்யாணம் கட்டி இங்கயே தங்கிட்டாங்க. சாமி நம்ம சாமி. பேச்சு மலாய்ப் பேச்சு" என்றார்.

அவள் சாமி கும்பிட்டு முடித்து வந்து எங்களோடு மண்டபத்தில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து தேங்காயும் சர்க்கரையும் வைத்த பலகாரம் எடுத்து எனக்கும் தம்பிக்கும் கொடுத்தாள். அதற்கு ஒரு மலாய்ப் பெயர் சொன்னாள், ஆனால் தின்னும்போது கொழுக்கட்டைதான். தன் பெயரையும் சொன்னாள். எங்கள் தோட்டத்திலேயே அந்தப் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா அவளை விழுங்குகிற மாதிரி பார்த்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள், பாதி தன் மலாயில், முடியாததை மாமா மூலமாக.

எந்த ஊர்? மலாக்கா. அதற்கு முன்னால்? மலாக்காதான். அதற்கும் முன்னால்? அக்கரையிலிருந்து கப்பலில் வந்தவர்களாம், எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"உங்கம்மா உங்களத் தாலாட்டறப்போ எந்தப் பாஷையில பாடுவாங்க?"

மலாயில்.

"கோவம் வந்தா? திட்டறது?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அதுவும் மலாயில்தான் என்றாள்.

"அழறப்போ?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். ஐயோ என்று சொல்லித்தான் அழுவோம் என்றாள்.

"அத சீனன்கூடச் சொல்றான்" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் விடைபெற்றுப் போனாள். போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். சந்தோஷமான பெண். அவளுக்கு எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அத்தை போய்த் தோளைத் தொட்டதும், "அண்ணி, புள்ளைய விடமாட்டேன்" என்றாள்.

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"என்ன புள்ள பேசற? எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார் அப்பா.

"நான் பேசல. நீங்கதான் பேசினீங்க. நாளைக்கு நான் திரும்பி வந்து பாக்கறேன்னு வெச்சுக்கங்க. இவ அந்தப் பொண்ணு மாதிரி என் முன்னால கைய விரிச்சுட்டு நின்னா? நான் பெத்தது என்ன சொல்லுதுன்னு அண்ணனக் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?"

"அதெல்லாம் எத்தன தலமொறையில நடக்கறது. ஒரே புள்ளைக்கு எப்படிப் பாஷ மறக்கும்?" என்றார் மாமா.

"மொதத் தலமொறையில யாரோ ஒருத்தி விட்டுட்டுப் போயிருப்பா இல்ல?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். நிலைமை எனக்கு முழுக்க விளங்கவில்லை. மூட்டை எதற்கு என்பது மட்டும் விளங்கிவிட்டது. அத்தை ஒரு ஓரமாக நின்று அழ ஆரம்பித்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்? எனக்கென்று கூலாயில் ஒரு சின்னக் கட்டில்கூடச் செய்யச் சொல்லி வைத்திருந்தாள். அது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அப்பா சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில்தான் பேசினார். "அங்க ஊருல மழையில்ல. எங்கண்ணன் வீட்டுல ஏற்கெனவே அத்தன பேரு. போற அன்னிக்கே இன்னும் நாலு வயிறு போய் நிக்கப் போவுது. அங்க போனா தமிழ் இருக்கும் புள்ள. சோறு இருக்குமா, சொல்லு."

பிள்ளையார் தீபாராதனைக்கு மணி அடித்தார்கள். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டோம், எழுந்து நிற்பது பழக்கம் என்பதால். நான் இப்போதும் அந்தக் கேள்வியை நினைத்துப் பார்ப்பதுண்டு. அதற்குச் சரியான பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த நாளில் கடலுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

தீபாராதனை முடிந்ததும் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து சூடம் எடுத்தாள். பிள்ளையாருக்கு ஏற்ற என்று தோட்டத்திலிருந்தே கொண்டுவந்திருந்த சூடம். அதைச் சாமிக்கு ஏற்றாமல், கருவறைக்கு எதிரில் கல் தரையில் வைத்துக் கொளுத்தினாள். எங்கள் ஆட்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை கொடுத்துவிட்டால், அதை மீறுவதற்குப் பயப்படாதவர்கள் கிடையாது. வீட்டுச் சண்டைக்கும் நிலத் தகராறுக்கும் செய்வார்கள். நாத்தனாரிடம் பிள்ளையைக் கொடுக்கும்போது யாரும் செய்து நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் அக்காவை இப்படி நிற்க வைக்கிறாளே என்று.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குள்ள அவகிட்ட தமிழ்தான் பேசணும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும். நான் திரும்பி வருவேன். வந்து, பாப்பான்னு கூப்பிட்டா அவ எங்கிட்ட பேசணும். நாள் பூரா பேசணும். அது எனக்குப் புரியணும். அடிச்சுக் கொடுங்க" என்றாள்.

அத்தை மூக்கைச் சிந்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, மீறினா என்னோட சேத்து என் குலமே அழியும்னு வேணும்னாலும் சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளங்கையைத் தீயின் மேல் வைத்தாள். எல்லோரும் படக்கென்று தட்டி எடுத்துவிடுவார்கள். அத்தை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். மாமாதான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளங்கை வெந்து போயிருந்தது.

பஸ் நிற்கிற இடத்தில் இரண்டு பஸ்ஸும் நின்றன. ஒன்று தங்காக் பக்கம் போவது. இன்னொன்று தம்பின் போவது, அங்கிருந்து எங்களுக்குக் கூலாய்க்கு ரயில். அம்மா என் எதிரில் உட்கார்ந்து, தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, ராத்திரி தனியாக வெளியே போகாதே, அத்தை சொல் கேள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று நிறுத்தாமல் சொன்னாள். தம்பி அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் என் முகவாயைப் பிடித்து, "நீ ஏதாச்சும் பேசு பாப்பா" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பஸ் ஹாரன் அடித்தது. அப்பா அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தை சத்தியத்தைக் காப்பாற்றினாள், காப்பாற்றியதோடு விடவில்லை. வீட்டுக்குள் என் வாயிலிருந்து ஒரு மலாய் வார்த்தை விழுந்தால் தலையில் குட்டு விழும். அவள் மட்டும் நாள் முழுக்கப் பாசார், மக்கான், கஷ்டம் என்பதற்குச் சூசா என்று பேசுவாள். அத்தை, அதெல்லாம் மலாய் இல்லையா என்று கேட்டால் அதற்கும் ஒரு குட்டு. மழையோ வெயிலோ, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்னை விரட்டினாள். அங்கே பெண்பிள்ளைகள் இரண்டு வகுப்போடு நின்றுவிடுவார்கள். நான் நிற்கவில்லை. வாத்தியாருக்கே இனிச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆகும்வரை அனுப்பினாள். அவளுடைய உள்ளங்கையில் தழும்பு இருந்தது. சோறு ஊட்டும்போதெல்லாம் அது என் உதட்டில் படும். ஆமாம், நான் பெரியவளான பிறகும் சில நாள் ஊட்டுவாள், உருண்டையைச் சின்னதாகப் பிடித்து.

ரப்பர் விலை கொஞ்சம் தலைதூக்கியதும் மறுபடி அக்கரையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். அம்மாவின் ஊர்க்காரர். நடு வயது, ஒல்லியான ஆள், கூலாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலைக்கு வந்திருந்தார். அப்பா அண்ணனோடு சேர்ந்து குத்தகைக்கு உழுகிறார் என்றார். தம்பி பள்ளிக்கூடம் போகிறான் என்றார். அம்மாவைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"ஊருல உங்கம்மாவுக்கு மலாயாக்காரின்னுதான் பேரு. சந்தையப் பாசார்ம்பாங்க. சாப்பாட்ட மக்கான்ம்பாங்க. சின்னப் புள்ளைங்கல்லாம் பின்னாலயே போய்ச் சொல்லிக் காட்டிச் சிரிக்கும். அவங்களும் சிரிப்பாங்க."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையச் சுட்டுட்டு அவ அங்க போய் மலாய் பேசறாளா!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவர் பெஞ்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரு வேல சொல்லியிருக்காங்கம்மா. உன்னப் பேச வெச்சுக் கேக்கணுமாம். கேட்டதத் திரும்பி வந்து அப்படியே சொல்லணுமாம். இன்னும் ரெண்டு மூணு வருசத்துல ஊருக்குப் போவேன். நீ பேசு" என்றார்.

பேசினேன். பஸ் நிற்கிற இடத்தில் வராததெல்லாம் வந்தது. பள்ளிக்கூடம், அத்தையின் குட்டு, வீட்டுக்குப் பின்னால் போகிற ரயில், அடைக்கு வைத்த கோழி, மாமாவின் புளுகு, வாத்தியாரின் மூக்குப்பொடி, எல்லாம். அவர் நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. முழங்காலில் கை வைத்துக்கொண்டு, உதடு லேசாக அசைய, மனப்பாடம் செய்கிறவர் மாதிரி கேட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். முந்திய வாரம் நான் சொன்னதைச் சொல்லிக் காட்டுவார், சரியா என்று கேட்பார். நான் திருத்துவேன். வாரம் முழுக்க எது நடந்தாலும் இதை அம்மாவுக்குச் சொல்லவேண்டும் என்று எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும், வழக்கம்போல நான்தான் ஆரம்பித்தேன். அந்த வாரம் சொல்ல நிறைய இருந்தது. என் சின்னக் கட்டில் உடைந்த கதை, பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க என்னை வைத்துக்கொண்ட கதை. அவர் தடுக்கவில்லை. கடைசிவரை கேட்டார். நான் முடித்துவிட்டு, சொல்லிக் காட்டுங்கள் என்றேன்.

அவர் சொல்லிக் காட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"உங்கம்மா இல்லம்மா. மழ நாள்ல காச்சலாம். இந்தக் கப்பல்ல வந்த ஆளு சொன்னான்."

அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுதுகொண்டே பேசினார். "நீ சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம வெச்சிருக்கேனே. கோழி, ரயிலு, எல்லாம் இருக்கு. இனி யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?" நான் ஐயோ என்றுதான் அழுதேன். அத்தையும் அப்படித்தான் அழுதாள்.

இனி அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதே பெஞ்சியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவர், "சொல்லும்மா" என்றார். நான் அந்த வாரம் நடந்ததையெல்லாம் சொன்னேன்.